தனித்தேர்வரின் அப்பா

"உங்க புள்ளை எந்த ஸ்கூலுங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டபோது மணி பத்தே காலைத் தாண்டி ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆரம்பிச்சுட்டாங்கடா, என்று பூபதிக்குள் சுர்ரென்றது. கேட்டை இப்போதுதான் சாத்தியிருக்கிறார்கள், உள்ளே இப்போதுதான் பேனாவைத் திறந்திருப்பார்கள், அதற்குள் எந்த ஸ்கூலு, எந்த ஊரு, எத்தனை மார்க்கு வருமுங்க. பூட்டிக் கிடந்த ஜெராக்ஸ் கடையின் படியில் அவனோடு ஏழெட்டுப் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மையம். இன்றைக்குக் கணக்கு. ஒண்ணே காலுக்கு மணியடிக்கிற வரைக்கும் இந்தப் படிதான் கதி. ஏதாவது ஒரு ஸ்கூல் பேரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம், யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். "ஸ்கூல் இல்லீங்க, வீட்டுலதான் படிக்கறா. மூணாவதுல இருந்து நானேதான் சொல்லிக் குடுக்கறேன்" என்றான், சொல்லும்போதே குரல் சண்டைக்குக் கிளம்பிவிட்டது அவனுக்கே தெரிந்தது. அந்த அம்மாள் மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்துவிட்டு, நிஜமான இரக்கத்தோடு, "ஐயோ, புள்ளைக்கு ஒடம்பு செரியில்லீங்களா?" என்றாள். ஒடம்பு செரியில்லையா! ஏழு வருஷமாக இதே கேள்வி. கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், பல் டாக்டரிடம். புள்ளைக்கு ஏதாச்சும் குறைங்களா, கண்ணு தெரியாதுங்களா, ஃபீஸ் கட்ட முடியலீங்களா. நல்லாத்தான் இருக்கறா, நல்லா இருக்கணும்னுதான் வீட்டுல வெச்சிருக்கேன் என்று எத்தனை பேரிடம் சொல்வது, தொண்டை வற்றினதுதான் மிச்சம். "நல்லா இருக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மூஞ்சியை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

உள்ளே மகள் இளவெயினி ஒருத்திதான் கலர் டிரெஸ். மஞ்சள் சுடிதார். தனித்தேர்வருக்கு யூனிஃபார்ம் கிடையாது, என்ன போட்டுக்கொண்டு வந்தாலும் சரி என்று சொன்னார்கள், அதையும் ஏதோ சலுகை மாதிரிச் சொன்னார்கள். காலையில் கேட்டுக்கு உள்ளே போகும்போது நூறு நீலச் சட்டைகளுக்கு நடுவில் அந்த ஒரு மஞ்சள் மட்டும் தனியாக நகர்ந்தது. நீலச் சட்டைகள் எல்லாம் கூட்டமாக நின்று கையைத் தட்டி ஏதோ கத்திவிட்டுப் போனதுகள், இவள் ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள், எல்லாம் போன பிறகுதான் உள்ளே போனாள். எல்லாருக்கும் வழிவிட வேண்டும் என்று யார் இவளுக்குச் சொன்னது? வீட்டில் வழிவிட ஆள் ஏது. அந்தப் பழைய ஸ்கூல் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இவளும் ஒரு நீலச் சட்டைதான். இல்லை, நீலமில்லை, அங்கே மெரூன். மூணாவதில் வாராவாரம் சனிக்கிழமை டெஸ்ட் வைப்பார்கள், இருபத்தஞ்சுக்குப் பதினஞ்சுக்குக் கீழே எடுத்த குழந்தைகளை அடுத்த வாரம் முழுக்கப் பெஞ்சில் உட்காரவிடாமல் பின்னால் தரையில் உட்கார வைப்பார்கள், அதற்குக் 'கீழ் வரிசை' என்று பேரே உண்டு. வெயினி பதினொண்ணு எடுத்தாள். திங்கட்கிழமை தரையில் உட்கார்ந்தவள் பாத்ரூமுக்குப் போக எழுந்து கேட்கப் பயந்து அங்கேயே நனைத்துவிட்டாள், எட்டு வயசுக் குழந்தை, அந்த ஈரத்தோடு மூணே முக்கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மிஸ் வந்து என்ன சொன்னாளாம்? "இதுக்கு மட்டும் ஃபுல் மார்க்கு" என்றாளாம். அவன் மறுநாள் போய் அந்த ஆபீஸ் ரூமில் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தான். ராங்க் கார்டை நாலாகக் கிழித்து மேஜையில் போட்டு, என்ற புள்ளைய நான் பாத்துக்கறேன், உங்க செகப்புப் பேனாவ நீங்களே வெச்சுக்கங்க என்று சொல்லிவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்கு வண்டியில் வரும்போது எடுத்த சபதம்தான், வீட்டுக்குள் சிவப்புப் பேனாவே வரக்கூடாது, தப்பு என்கிற சொல்லை இந்தப் புள்ளையிடம் சொல்லவே கூடாது. ஏழு வருஷமாகச் சொல்லவில்லை. ஒரு தடவைகூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மிஸ் எதிரே வந்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டான்.

பத்தே முக்காலுக்கு ஒரு பெல் அடித்தது. படியில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பூபதிக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. அரை மணிக்கு ஒரு பெல் என்று அவளிடம் சொன்னோமா? சொன்னோம். முதல் நாள் தமிழ்ப் பரீட்சைக்கு முன்னால் சொன்னான், பெல்லடிச்சா பயப்படாத கண்ணு, நேரத்தைச் சொல்றதுக்குத்தான் என்று. ஆனால் சொன்னதும் பழகினதும் ஒண்ணா? அந்த நீலச் சட்டைகளுக்குப் பெல் சத்தம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது, முதல் பெல்லுக்கு ஒரு மார்க் எல்லாம் முடிந்திருக்கணும், மூணாவது பெல்லுக்கு ரெண்டு மார்க் முடிந்திருக்கணும் என்று கைக்கே தெரியும். வெயினிக்கு நேரம் என்பதே வேறு. ஒரு கணக்கைப் பிடித்தால் ஒரு மத்தியானம். பித்தாகரஸ் தேற்றத்தை அவன் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களில் சதுரம் வரைந்து பாரு என்று மட்டும்தான் சொன்னான், அவள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வெட்டி ரெண்டு நாளாகத் தரையில் அடுக்கிக் கடைசியில் சின்னது ரெண்டும் பெரியதுக்குள் சரியாக உட்கார்ந்ததும் வீடே அதிரும்படி கத்தினாள். எந்த ஸ்கூலில் எந்தப் புள்ளை அதற்காகக் கத்தியிருக்கிறது? அதற்கு எவன் மார்க் போடுவான்? அஞ்சு மார்க் கேள்வி, படம் வரைந்து, தரவு, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என்று நாலு தலைப்புப் போட்டு எழுதியிருக்கணும், எழுதாவிட்டால் போச்சு. அந்தத் தலைப்புகளை எழுதச் சொல்லிப் பழக்கினோமா? போன மாசம்தான் சொன்னான், அதுவும் எரிச்சலோடு, அவங்களுக்கு அப்படித்தான் வேணுமாம் எழுதித் தொலை என்று. இன்னொண்ணு, அடிஷனல் ஷீட் வேணும்னா எழுந்து நிக்கணும், கத்திக் கூப்பிடக்கூடாது. அதைச் சொன்னோமா? சொல்லவில்லை. அட கெரகமே, அதைச் சொல்லவே இல்லையே. நாலு பரீட்சை எழுதிவிட்டாளே, அதற்குள் கேட்டு வாங்கத் தெரிந்திருக்குமே, இருந்தாலும் கணக்குக்குத்தான் பேப்பர் அதிகம் பிடிக்கும். பாத்ரூம்? கேட்டுவிட்டுப் போகணும் என்பது தெரியுமா, கேட்கப் பயந்துகொண்டு மறுபடியும். சீ. பதினஞ்சு வயசுப் பெண், அதெல்லாம் கேட்பாள். கை வலிக்குமே. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எழுதினால் அவளுக்குக் கட்டைவிரல் மரத்துப்போகும், உதறி உதறி எழுதுவாள். மத்த புள்ளைகள் வருஷத்துக்கு முப்பது டெஸ்ட் எழுதிக் கை காய்த்துப்போனதுகள். இவள் கையில் பசை ஒட்டின தழும்புதான் உண்டு. இதெல்லாம் படிப்பில் சேர்த்தியா? மூணு மணி நேரம் மரப்பெஞ்சில் நிமிராமல் உட்காருவதும், கோடு போட்ட தாளில் மார்ஜினுக்கு வெளியே கை போகாமல் இருப்பதும், விடைத்தாள்களைச் சேர்த்து நூலில் முடிச்சுப் போடுவதும் எந்த ஊர்க் கணக்கு? ஆனால் அதுக்குத்தானே மார்க்கு. அதுக்குத்தானடா மார்க்கு, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மச்சான் சொன்னான்தான். மனைவி சுகந்தியின் அண்ணன் சண்முகவடிவேல், தனியார் விடுதிப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன், வருஷா வருஷம் நூத்துக்கு நூறு எத்தனை என்பதை வண்டி நம்பர் மாதிரி மனப்பாடமாகச் சொல்கிறவன். தீபாவளிக்கு வந்தபோது ஒரு கட்டு வினாத்தாளைக் கொண்டுவந்து வைத்தான். "மாப்ள, நீங்க நல்லாச் சொல்லிக் குடுப்பீங்க, அதை நான் இல்லைங்கல. ஆனா பரீட்சைங்கறது வேற வித்தை. இருபது பேப்பர், மூணு மணி நேரம், கடிகாரம் வெச்சு, நீங்க ரூமுக்குள்ள இருக்காதீங்க. வெளிய போயிருங்க. அது தானா எழுதட்டும்" என்றான். அதிலும் அந்தக் கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே சொன்னான் என்றுதான் பூபதிக்குப் பட்டது. வெளிய போயிருங்களாம். என்ற வீட்டுல என்ற புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நான் வெளியே போகணுமாம். அந்தக் கட்டு இன்னமும் பரண்மேல்தான் கிடக்கிறது. வீம்பு, சுத்த வீம்பு. மச்சானைப் பார்த்தாலே அவனுக்கு அந்தப் பழைய மூணு அரியர் ஞாபகம் வந்துவிடும், பி.எஸ்ஸி. கணக்கில் மூணு பேப்பர், எழுதி எழுதிப் பார்த்துக் கடைசியில் விட்டே விட்டு, டி.டி.பி. கற்றுக்கொண்டு வீட்டு முன்னறையில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக்கொண்டு உட்கார்ந்தது. மச்சான் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாததுதான் எரிச்சல். எனக்குக் கணக்குத் தெரியும்டா, எனக்குப் பரீட்சைதான் தெரியாது என்று அவன் சட்டையைப் பிடித்துச் சொல்லணும் போல இருக்கும். அதனால்தான் ஜனவரியில் ஒரே ஒரு பரீட்சை வைத்தான், பழைய வினாத்தாள் ஒண்ணை நெட்டில் எடுத்து, சாப்பாட்டு மேஜையில், எதிரே உட்கார்ந்து. வாயே திறக்கவில்லை, ஒரு கணக்குக்குக்கூடத் துணை போகவில்லை. மூணே கால் மணி நேரம் ஆனது, சரி, கொஞ்சம் அதிகம். எண்பத்தி மூணு. எண்பத்தி மூணு மார்க், யார் சொல்லியும் கொடுக்காமல்! போனைப் போட்டு மச்சானிடம்தான் முதலில் சொன்னான். அந்தப் பக்கமிருந்து "நல்லது மாப்ள" என்று மட்டும் வந்தது. பொறாமை பிடித்தவன்.

பதினொண்ணே முக்கால் பெல் அடித்தது. இப்போது அஞ்சு மார்க்கில் இருக்கணும். வெயில் படியின் பாதிவரை ஏறிவிட்டது, எல்லோரும் காலை இழுத்துக்கொண்டார்கள். அறுபது எடுத்தால் போதும். பதினொண்ணில் சேர்க்கக் கேட்டுப் போனபோது அரசுப் பெண்கள் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் அதைத்தான் சொன்னார், தனித்தேர்வர்னா எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, ஆனா கணக்குல அறுபது இல்லாம கணக்குக் குரூப் குடுக்க மாட்டேன் என்று. அந்த அம்மா மேல் கோபப்பட ஒன்றுமில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார், இருந்தாலும் வெளியே வந்து வண்டியை உதைத்த உதையில் கிக்கர் வளைந்துவிட்டது. யார் கேட்டது இதை? வெயினிதான் கேட்டாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நான் பதினொண்ணு ஸ்கூலுக்குப் போறேன்ப்பா" என்றாள். ஏதோ கடைக்குப் போகிறேன் என்கிற மாதிரி. அவன் கை சட்னியில் அப்படியே நின்றுவிட்டது. எதுக்கு, இங்க என்ன கொறைச்சல், என்று கேட்டான். "கொறைச்சல்லாம் ஒண்ணுமில்லப்பா. எல்லாரும் இருப்பாங்கல்ல" என்றாள். எல்லாரும்! யார் அந்த எல்லாரும்? அந்தத் தரையில் உட்கார வைத்தவர்களா? அன்று பூராவும் பொருமிக்கொண்டே இருந்தான், சுகந்திதான் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து நர்ஸ் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவனைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவளைக் கூட்டிட்டு வந்தீங்களே, அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அடுத்த மாசம் ஸ்போர்ட்ஸ் டே இருந்துச்சு, சாக்கு ரேஸுல பேரு குடுத்திருந்தா. தெரியுமா உங்களுக்கு? ஒரு வாரம் என்ற மடியில படுத்து அழுதா. உங்க முன்னால அழமாட்டா." தெரியாது. ஏழு வருஷம் கழித்துச் சொல்கிறாள். அவளுக்காகத்தானே செய்தேன், அந்த ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாளே அவளுக்காகத்தானே என்று கத்தினான், கத்தக் கத்த அது அவளுக்காகவா, அந்த மேஜையில் ராங்க் கார்டைக் கிழித்துப் போட்டபோது கை சுகமாக இருந்ததே அதற்காகவா, என்று ஒரு சந்தேகம் உள்ளே நுழைந்துகொண்டது, அன்றைக்கு நுழைந்தது இன்னமும் வெளியே போகவில்லை. இப்போது இந்த அறுபது. வாங்கிவிட்டால் ஜூனில் அவள் போய்விடுவாள், வாங்காவிட்டால் அப்பன் கெடுத்தான் என்று ஊரே சொல்லும், அவளும் இன்னும் ரெண்டு வருஷம் முன்னறையில் பத்திரிகை மடித்துக்கொண்டு, எல்லாரும் இருக்கிற இடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு. வாங்கணும் சாமி, அறுபது வாங்கிரு, போனாப் போயிட்டுப் போ.

அப்போதுதான் மாடி வராந்தாவில் மஞ்சள் தெரிந்தது. சடாரென்று எழுந்துவிட்டான். வெயினிதான், பின்னால் ஒரு டீச்சரம்மா, ரெண்டு பேரும் கோடிவரை நடந்து மறைந்தார்கள். பாத்ரூமுக்கு. சரி, கேட்டுத்தான் போகிறாள், நல்லது. நல்லதா? மணி பன்னண்டேகால். அஞ்சு மார்க்குக்கு நடுவில் யாராவது போவார்களா, நீலச் சட்டை ஒண்ணாவது வெளியே வந்ததா? வயிறு ஏதாச்சும் செய்கிறதோ? அழுகிறாளோ? ஒண்ணும் தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு மூச்சு முட்டி வெளியே வந்திருக்கிறாளோ? காலையில் தோசை ரெண்டு போட்டிருக்கக் கூடாது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், மூணு. மஞ்சள் திரும்பி வந்தது, முகத்தைக் கழுவியிருக்கிறாள் போலிருக்கிறது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள். டீச்சரம்மா ஏதோ சொன்னாள், விரலை ஆட்டிச் சொன்னாள். திட்டுகிறாளா? எதுக்குடி திட்டற, பாத்ரூம் போறதுக்கா, மறுபடியும் பாத்ரூம் போறதுக்கா! ரோட்டைக் கடக்கக் காலை எடுத்துவைத்துவிட்டான், ஒரு டவுன் பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு மூக்குக்கு முன்னால் போனது, அது போவதற்குள் வராந்தா காலியாகிவிட்டது. கேட்டில் இருந்த போலீஸ்காரர் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான்.

"மோர் குடிக்கறீங்களா?" என்று அந்த அம்மாள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான், வாங்கிக் குடித்துவிட்டான். "நீங்க சொன்னதையேதான் நெனைச்சுட்டு இருந்தேனுங்க" என்றாள் அவள். "என்ற பையன் ஆறாவதுல இருந்து ஹாஸ்டலுங்க. ஞாயித்துக்கெழமை பத்து நிமிஷம் போன்ல பேச விடுவாங்க. பேசவே மாட்டானுங்க. சாப்டியா, சாப்ட்டேன். படிச்சியா, படிச்சேன். அவ்வளவுதான். தொண்ணூறு தொண்ணூத்தஞ்சு வாங்கறான், இல்லைங்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க புள்ளை உங்ககூடப் பேசுமுங்களா?" என்று கேட்டாள். "பேசிட்டே இருப்பாங்க. வாயை மூடவே மாட்டா" என்றான் பூபதி. அவள் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டிலை வாங்கித் திருகி மூடினாள். அவள்மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது, அது போனதும் அவனுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாமல் போய்விட்டது. பேசிட்டே இருப்பா. என்ன பேசுவாள்? எல்லாம் பேசுவாள், மேகம், பசை, எதிர்வீட்டுப் பூனை. சாக்கு ரேஸைப் பற்றிப் பேசவில்லையே. எதிரே நிற்கிற கட்டடத்தின்மேல் கோபப்பட்டுப் பார்த்தான், பாவம் அது சுண்ணாம்பு உதிர்ந்து நின்றது. அரசாங்கத்தின்மேல், மச்சான்மேல், மூணு மணி நேரம் என்று முடிவு செய்த எவனோ ஒருவன்மேல், எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் மணி பன்னண்டே முக்கால்தான் ஆகியிருந்தது.

ஒண்ணே காலுக்கு நீளமாக மணி அடித்தது. கேட்டைத் திறந்ததும் நீலச் சட்டைகள் கொட்டின, நாப்பத்திரெண்டுக்கு என்னடா வந்துச்சு, எனக்கு மைனஸ்ல வந்துச்சுடா என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு. அந்த அம்மாளின் பையன் வந்து பையை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான். கூட்டம் வடிந்து கடைசியில்தான் வெயினி வந்தாள், கேள்வித்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள், கட்டைவிரலில் மை. எப்படி எழுதினே என்று கேட்கக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தான், கேட்கவில்லை, ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான். அவள்தான் சொன்னாள், "அப்பா, ஹால்ல இருந்த மிஸ் என்னைய மூணு தடவை திட்டிட்டாங்க." அவ்வளவுதான், பூபதிக்கு உச்சிவரை ஏறிவிட்டது. காலையிலிருந்து இடம் தேடி அலைந்த கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. "எவ அவ? எங்க இருக்கறா? நீ வா என்கூட" என்று கேட்டைப் பார்த்து நடந்தான், வெயினி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவங்க மேல தப்பு இல்லப்பா. நான் அவங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். எதுக்கு என்னையே பாக்கற, பேப்பரப் பாருன்னு சொன்னாங்க. பாத்ரூம் போறப்பவும் அதைத்தான் சொன்னாங்க." அவங்க மூஞ்சில என்ன இருக்குது, எதுக்குப் பாத்தே, என்று அவன் கேட்டான். அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள், இது தெரியாதா என்பது மாதிரி. "கணக்கு செரியான்னு பாக்கறதுக்குத்தான். வீட்டுல நீங்க தப்புன்னு சொல்லமாட்டீங்கல்ல. ஆனா தப்பாப் போனா உங்க தாடை இறுகிக்கும்ப்பா, இங்க, காதுகிட்ட. உடனே நான் அடிச்சுட்டு வேற மாதிரி போட்டுப் பாப்பேன். இறுக்கம் விட்டுச்சுன்னா செரின்னு அர்த்தம். எப்பவுமே அப்படித்தானே." குறை சொல்கிற குரல் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். "அந்த மிஸ் மூஞ்சில ஒண்ணுமே இல்லப்பா. ஒவ்வொரு கணக்கும் போட்டுட்டு நிமிந்து பாத்தேன். ஒண்ணுமே தெரியல. ரொம்ப பயமாயிருச்சு. பன்னண்டேகால் வரைக்கும் பாதிகூடப் போடல."

பூபதி ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டான். சாப்பாட்டு மேஜை, எதிரே உட்கார்ந்து, வாயே திறக்காமல். எண்பத்தி மூணு. அது யார் வாங்கின மார்க்கு? ஏழு வருஷம், ஒரு வார்த்தை சொல்லாமல், சொல்லவில்லை சொல்லவில்லை என்று பெருமை பேசிக்கொண்டு, ஒரு நாள்கூட விடாமல் அவளைத் தரையில் உட்கார வைத்திருக்கிறான். அவள் கணக்கைப் பார்க்கவே இல்லை, இவன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஓங்கி ஓர் அறை விடணும் போல இருந்தது, வாங்கிக்கொள்ள அவனைத் தவிர ஆளில்லை. "அப்பறம்?" என்று கேட்டான். "அப்பறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்து, பாக்கறத விட்டுட்டேன்" என்றாள் வெயினி. "செரியோ தப்போ போட்டுட்டே போனேன். கடைசிப் பெல்லுக்கு கிராஃப்ல கொஞ்சம் மிச்சம். மத்ததெல்லாம் போட்டுட்டேன்." சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் முதுகுக்குப் பின்னால் கேள்வித்தாள் படபடத்தது. "அப்பா, சொல்லட்டுமா? கோபுரத்துல இருந்து நாப்பத்தெட்டு மீட்டர் தள்ளி நிக்கறான், ஏற்றக் கோணம் முப்பது டிகிரி, உயரம் கேட்டிருந்தாங்க. பதினாறு ரூட் மூணு." சரி, என்று அவன் கத்திச் சொன்னான், காற்றில் கேட்கவேண்டுமே. "கூட்டுத்தொடர் வரிசை, முதல் உறுப்பு அஞ்சு, பொது வித்தியாசம் நாலு, பத்தாவது உறுப்பு. நாப்பத்தஞ்சு போட்டேன்." நாப்பத்தஞ்சு. பத்தில் ஒண்ணைக் கழிக்காமல் விட்டிருக்கிறாள், நாப்பத்தொண்ணு வரணும். காதுக்குக் கீழே ஏதோ இறுகியது, அது இறுகுவதை வாழ்க்கையில் முதல்தடவையாக அவனே உணர்ந்தான். இப்போது அவளுக்குத் தெரியாது, அவளுக்கு அவன் முதுகுதான் தெரியும். எதிரே சிக்னல் சிவப்பில் நின்றது, வண்டியை நிறுத்தினான். திரும்பிவிடலாம். திரும்பினால் போதும், ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியதில்லை, அவளே புரிந்துகொள்வாள், எப்பவும் போல. "அப்பா? செரியா?" என்றாள் வெயினி. அவன் எதிரே நின்ற லாரியைப் பார்த்தபடியே, திரும்பாமல், "தப்பு கண்ணு" என்றான். சொன்ன பிறகு, பின்னால் அழுகை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அட, போச்சா!" என்றாள் வெயினி. பேனா ஏதோ கிறுக்குகிற சத்தம் கேட்டது. "செரி, ரெண்டு மார்க் போச்சு. அடுத்ததைக் கேளுங்கப்பா."